கல்லும் பூச்சும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு சந்தித்தால் பேச்சு முதலில் ஊரைப் பற்றியும், பிறகு பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், அதன்பின் அகவிலைப்படியைப் பற்றியும் சென்று, இறுதியில் மாவு புளித்ததா இல்லையா என்பதில் வந்து நிற்பது வழக்கம். மாவிலிருந்து தோசைக்கல்லுக்கு வெகுதூரம் இல்லை. அங்கே வந்து சேர்ந்ததும் கூட்டம் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடும். இரும்புக் கல்லே கல் என்பார் ஒருபுறம். ஒட்டாத பூச்சுப் பூசிய கல்லே காலத்துக்கு ஏற்றது என்பார் மறுபுறம். எங்கள் இல்லத்திலோ இவ்விரு கட்சிகளும் ஒரே கூரையின்கீழ், ஒரே அடுப்பில், பல ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வருகின்றன. ஆதலால் இதுபற்றிச் சிறிது எழுதும் உரிமை எங்களுக்கு உண்டென்று கருதுகிறோம். அலுவலகத்தில் கோப்பு எழுதுபவருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று அன்பர்கள் ஐயுற வேண்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் தோசை வார்ப்பவர் நாங்களே.

இரும்பால் செய்ததை நாம் 'கல்' என்றே அழைத்து வருகிறோம். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று இரும்புத் தகட்டை வெட்டித் தட்டி எடுத்தது. மற்றொன்று உருக்கி அச்சில் ஊற்றி எடுத்த வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு கரி கலந்திருக்கும். அதனாலேயே அது எளிதில் உருகி அச்சில் ஓடுகிறது. அதனாலேயே கீழே விழுந்தால் வளையாமல் பிளந்தும் போகிறது. பொருநைக் கரையில் பிறந்த எங்களுக்கு இரும்பைப் பற்றிச் சிறிது கர்வம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு 5300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தில் இரும்பு அறியப்பட்டிருந்தது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த அன்று, எங்கள் அன்னையார் தம் தோசைக்கல்லைப் பார்த்த பார்வையை நாங்கள் மறக்க மாட்டோம். பண்டைய இரும்பு உலையில் காய்ச்சி அடித்து வடித்தது, நம் கல் பிற்கால வார்ப்பு, இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லிப் பார்த்தோம். அவர் காதில் வாங்கவில்லை.

அக்கல் தலைநகர் வந்த வரலாறு இது. 2001ஆம் ஆண்டில் நாங்கள் தேர்வெழுதி மத்திய அரசுப் பணியில் சேர்ந்து இங்கு வந்தோம். தந்தையார் மறைந்த பின்னர், 2016இல், அன்னையார் அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வாழ வந்தார். திருநெல்வேலியில் திருக்குறள் விரைவு வண்டி ஏறி, இரண்டு இரவுகள் கழிந்து நிஜாமுத்தீன் நிலையத்தில் இறங்கியபோது அவர் கையில் இருந்தவை இரண்டு: துணிமணி அடங்கிய ஒரு பை, தந்தையாரின் பழைய வேட்டியில் சுற்றிய கல். பை கூலியாள் தலையில் ஏறிற்று. கல்லை அவர் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் காய்கறி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம்: 2 கிலோ 800 கிராம்.

அப்போது எங்கள் அடுப்பில் பூச்சுக் கல் ஆட்சி செலுத்திக்கொண்டிருந்தது. அது துணைவியாரின் கட்சி. அவரும் பணிக்குச் செல்பவர். காலை ஆறு மணிக்கும் எட்டே காலுக்கும் இடையே நான்கு பேருக்குச் சிற்றுண்டியும் நண்பகல் உணவும் ஆக வேண்டும். "அத்தை, உங்க கல்லு காயறதுக்குள்ள என் பஸ்ஸு போயிடும்" என்று அவர் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். அதில் நியாயம் உண்டு. ஜனவரி மாதத்து விடியலில் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். ஒரே அளவு தீயில் பூச்சுக் கல் இரண்டு நிமிடத்தில் தயாராகிறது; இரும்புக் கல் ஏழு நிமிடம் கேட்கிறது. பூச்சுக் கல்லின் உடல் அலுமினியம். அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எடையோ அதே பருமனுக்கு இரும்பின் பாதியும் இல்லை.

ஆனால் விரைவில் காய்வது விரைவில் ஆறவும் செய்யும். குளிர்ந்த மாவை ஊற்றியதும் மெல்லிய அலுமினியம் சட்டென்று தளர்ந்துவிடும். இரும்போ சேர்த்து வைத்த வெப்பத்தை விட்டுக்கொடுக்காது. முறுகல் என்று நாம் சொல்லும் அந்தக் குணம் இந்தச் சேமிப்பிலிருந்து பிறப்பது. மேலும், மாவைக் கரண்டியின் அடியால் சுழற்றிப் பரப்ப வேண்டுமானால் அது கல்லைச் சிறிது பற்றிக்கொள்ள வேண்டும். பூச்சுக் கல் சூடேறியபின் மாவு அதைப் பற்றுவதில்லை. கரண்டியோடே கூட வருகிறது. கல் சற்று ஆறியிருக்கும்போதே மாவை விட்டுப் பரப்பிப் பிறகு தீயைக் கூட்டுவது இதற்கு மாற்று. துணைவியார் அதில் வல்லவர். ஆயினும் அத்தோசை முகம் முழுவதும் ஒரே நிறமாய், அச்சில் அடித்தாற்போல் இருக்கும். இரும்புக் கல்லின் தோசையில் நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம்.

இரும்பை அப்படிச் செய்ய வைப்பதற்குப் பெயர் 'பழக்குதல்'. மாட்டைப் பழக்குவதுபோல் கல்லையும் பழக்க வேண்டும் என்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். புதுக் கல்லைத் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த நீரில் அல்லது வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊற வைப்பர். நாள்தோறும் நீரை மாற்றுவர். பிறகு துடைத்து, அடுப்பில் காய வைத்து, நல்லெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, புகை எழும்வரை விட்டு ஆற வைப்பர். இவ்வாறு பலமுறை. பின்னர் வெங்காயத்தை நிறைய எண்ணெயில் வதக்கி எடுப்பர். முதல் நாலைந்து தோசைகள் காக்கைக்கு. வெப்பத்தாலும் காற்றாலும் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, கறுத்த, வழவழப்பான, கெட்டியான ஒரு படலமாக இரும்பின்மேல் படிகின்றன. வேதியியலார் இத்தகைய நீண்ட சங்கிலியைப் பாலிமர் என்பர். கடையில் வாங்கும் டெஃப்லான் பூச்சும் ஒரு பாலிமரே. ஆக, இரண்டு கட்சியினரும் ஏதோ ஒரு பூச்சின்மேல்தான் தோசை வார்க்கிறோம். ஒன்றன் பூச்சு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. கீறல் விழுந்தால் வீட்டில் யாராலும் அதை மீண்டும் போட முடியாது. மற்றொன்றன் பூச்சு வீட்டில் நாள்தோறும் போடப்படுவது. போனால் திரும்ப வரும். ஆனால் போடுவதற்கு ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதே எங்கள் வீட்டில் பெரிய கேள்வியாயிற்று.

2018இல் நடந்தது இது. பாத்திரம் துலக்க வரும் பெண்மணி புந்தேல்கண்டைச் சேர்ந்தவர். நம்மைப்போலவே பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர். ஒருநாள் கல்லைக் கையில் எடுத்தார். இவ்வளவு கறுத்த பாத்திரத்தை விட்டுவிட்டுப் போவது தமக்கு இழுக்கு என்று நினைத்தார் போலும். எஃகுச் சுருளும் சோப்புத் தூளும் கொண்டு அரை மணி நேரம் தேய்த்து, சாம்பல் நிறத்தில் பளபளக்கச் செய்து, அன்னையாரிடம் பெருமையோடு நீட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்னையாருக்கு இந்தி தெரியாது. "கல்லு செத்துப் போச்சே" என்று அன்னையார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பெண்மணியும் திகைத்துப் போனார். ரொட்டி சுடும் தவாவுக்கு எண்ணெய்ப் படலம் தேவையில்லை. உலர்ந்த மாவு இரும்பில் ஒட்டாது. அவர் வீட்டு முறையில் அவர் செய்தது சரியே. அன்று மாலைக்குள் கல்லில் துரு பூத்துவிட்டது. மறுநாள் முதல் பத்து நாட்கள் கஞ்சித் தண்ணீரும் நல்லெண்ணெயும் வெங்காயமுமாக அன்னையார் அதை மீட்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. பத்து நாளும் கல்லைத் தூக்கி இறக்கியவர் அவரே. வேறு யாரையும் தொடவிடவில்லை.

சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறோம். கோதுமை மாவு உதிர்ந்து கருகிப் படலத்தைக் கெடுக்கும். இந்த வடநாட்டு வாழ்க்கையில் இரண்டு கல் இல்லாத தமிழ் இல்லம் மாமியார் மருமகள் வழக்குக்கு வாசல் திறந்து வைத்த இல்லம். புளி, எலுமிச்சை, தக்காளி ஆகியவையும் படலத்துக்குப் பகை. இன்றைய மென்மையான பாத்திரச் சோப்பால் கெடுதி இல்லை. ஈரத்தோடு வைப்பதால்தான் கெடுதி. ஆவணி மழைக் காலத்தில் ஒரே இரவில் துரு ஏறும். கழுவியதும் அடுப்பில் வைத்து நீர் வற்றச் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

இனி ஒட்டாத பூச்சின் கதை. 1938இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்பதனப் பெட்டிக்கான வாயுக்களை ஆராய்ந்தபோது, உருளையில் அடைத்த வாயு ஒன்று வெண்ணிறத் தூளாக மாறியிருக்கக் கண்டார். எதிலும் ஒட்டாத, எந்த அமிலத்துக்கும் அஞ்சாத பொருள். முதலில் அது பயன்பட்ட இடங்களுள் ஒன்று அணுகுண்டுத் திட்டம். 1954இல் மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அதை அலுமினியத்தில் பிடிக்க வைக்கும் வழி கண்டார். அவருடைய மனைவியின் யோசனையாலேயே அது சமையல் பாத்திரத்துக்கு வந்தது என்பர். 1956இல் டெஃபால் நிறுவனம் தோன்றிற்று. நம் நாட்டில் 1960களின் பிற்பகுதியில் மகாராஷ்டிரத்து ஔரங்காபாத்தில் 'நிர்லேப்' என்ற பெயரில் வந்தது. பற்றில்லாதது என்று பொருள்படும் வடசொல். துறவிக்கு வைக்க வேண்டிய பெயரை வாணலிக்கு வைத்தார்கள்.

அப்பூச்சைப் பற்றி அச்சமூட்டும் செய்திகள் பல உலவுகின்றன. கலந்து பேசினால் குழப்பமே மிஞ்சும். பிரித்துப் பார்க்க வேண்டும். பூச்சு பெயர்ந்து ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போனால் அது செரியாமல் அப்படியே வெளியேறும். சூடு வேறு விஷயம். ஏறத்தாழ 260 பாகை செல்சியஸ் வரை பூச்சு கலங்காது. அதற்குமேல் மெல்லச் சிதையத் தொடங்கும். 350ஐ ஒட்டிச் சிதைவு வேகம் கொண்டு நச்சுப் புகை எழும். அப்புகையை நுகர்ந்தவருக்குச் சளிக்காய்ச்சல் போன்ற காய்ச்சல் வருவதுண்டு. கூண்டுப் பறவைகள் இறந்தே போகும். வெறும் பாத்திரத்தைப் பெரிய தீயில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும். தோசை வார்க்கும் சூட்டுக்கு அப்பூச்சு தாங்கும், மறதிக்குத் தாங்காது. மூன்றாவது, பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற துணைப்பொருள். மண்ணிலும் நீரிலும் மனித இரத்தத்திலும் அழியாது தங்குவது அது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2015க்குள் அதைக் கைவிட்டன. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அது சேர்ந்தது. பரணில் பழைய பூச்சுப் பாத்திரம் வைத்திருப்போர், கீறல் விழுந்ததாயின், அதை இனியும் பரணிலேயே வைத்திருக்கத் தேவையில்லை.

இரும்புக் கட்சியின் வாதத்தையும் இதே கண்கொண்டு நோக்க வேண்டும். எங்கள் மகள் கல்லூரியில் படிக்கையில் சோர்வுற்றாள். சோதித்ததில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. "தகரத் தட்டுல தோசை சுட்டா ரெத்தம் எங்கிருந்து ஊறும்?" என்றார் அன்னையார். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆதலால் இது சிரித்து ஒதுக்கும் வாதமன்று. இரும்புப் பாத்திரத்திலிருந்து உணவுக்குள் இரும்பு இறங்குவது உண்மை. 1986இல் அமெரிக்காவில் இருபது வகை உணவைச் சமைத்துப் பார்த்த ஆய்வொன்றில், பெரும்பாலான உணவில் இரும்பு கூடியது தெரிந்தது. ஆனால் எதில் மிகுதி? புளிப்பும் நீரும் உள்ளதில், நெடுநேரம் அடுப்பில் இருப்பதில். பழகிய பழைய சட்டியைவிடப் புதுச் சட்டியே மிகுதியாகத் தந்தது. இரண்டு நிமிடம் கல்லில் கிடக்கும் தோசை என்ன வாங்கிக்கொள்ளும்? ஆகவே எங்கள் வீட்டில் தோசைக்கல்லுக்குப் பதிலாக இரும்புச் சட்டி ஒன்று வாங்கி, தக்காளி சேர்ந்த கூட்டும் கீரையும் அதில் செய்து, வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுகிறோம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவில்லை, குணப்படுத்தியது அதுவே. இருப்பினும் அன்னையார் வெற்றியைச் சட்டிக்கே அளித்துவிட்டார்.

2021ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அன்னையாரின் மணிக்கட்டுகள் வீங்கின. முடக்குவாதம் என்றார் மருத்துவர். கனமானது எதையும் தூக்கலாகாது என்றார். கல்லை அடுப்பில் ஏற்றி வைத்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்கலாம். வைத்துவிட்டுத்தான் போனோம். காய்ந்த கல்லை இறக்க முடியாமல், அடுப்பில் வேறு பாத்திரம் வைக்கவும் முடியாமல் நின்றார். அதன்பின் அவர் அடுப்படிக்குப் போவதை விட்டுவிட்டார். காலையில் நாங்கள் அனைவரும் வெளியேறிய பின், மூடிவைத்த ஆறிய இட்டலியைப் பதினொரு மணிக்குத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். ஐம்பது ஆண்டுகளாகத் தோசையைக் கல்லிலிருந்து தட்டுக்குச் சூடாகப் போட்டே பழகியவர். ஒருவார்த்தை குறை சொன்னதில்லை. சொன்னால் எங்களுக்கும் வழி தெரிந்திருக்கும்.

வழி கண்டவர் துணைவியார். 2022 தீபாவளிக்கு வந்த 6908 ரூபாய் போனஸில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி, இருபத்து நான்கு சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில், பிடி நீண்ட பூச்சுக் கல் ஒன்றையும் மரத்தாலான தோசைத் திருப்பி ஒன்றையும் வாங்கி வந்தார். "அத்தை, இது உங்களுக்கு. நான் தொட மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். எதிர்க்கட்சித் தலைவருக்கு இவ்வாறு பரிசளிப்பது எந்தச் சட்டமன்றத்திலும் காணக் கிடைக்காது. அன்னையார் அதைத் திருப்பிப் பார்த்து, "இது கல்லு இல்ல, தட்டு" என்றார். ஒரு வாரம் அது மேடையிலேயே கிடந்தது. இரும்புத் திருப்பியைத் துணைவியார் எடுத்து ஒளித்து வைத்தார்.

பத்தாம் நாள் என்று நினைவு. அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கை தயாராகிக்கொண்டிருந்த நேரம். தொலைபேசி ஒலித்தது. "ஐயா, ரெண்டு தோசை சுட்டுத் தின்னாச்சு" என்றார் அன்னையார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. "முறுகல் வரல. ஆனா சூடா இருந்துச்சு" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் வார நாட்களுக்கு ஒரு சட்டம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சட்டம். வார நாட்களில் பூச்சுக் கல். முட்டைக்கும், அவசரத்துக்கும், அன்னையாரின் பதினொரு மணிக்கும் அதுவே. மூன்று நான்கு ஆண்டில் அது தேயும், தேய்ந்தால் மாற்றுவோம், அதற்கு வருந்தப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரும்புக் கல். அதை ஏற்றுவதும் இறக்குவதும் கழுவுவதும் எண்ணெய் தடவுவதும் இப்போது ஆடவர் வேலை. எங்களுக்கும் எங்கள் மகனுக்கும் முறை வைத்திருக்கிறோம். இரும்பே சிறந்தது என்று சங்கக் கூட்டங்களில் முழங்கும் அன்பர்களைக் காணும்போதெல்லாம், தங்கள் இல்லத்தில் அதைத் தூக்குபவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டும் இருக்கிறோம். அன்னையார் அடுப்படி வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்துகொள்வார். தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டு ஓட வேண்டும், ஓடினால் சூடு மிகுதி, மறுபடி தெளி, வெங்காயத்தால் துடை, இப்போது ஊற்று என்று கட்டளைகள் வரும். நாலாவது தோசையில் கல் கோபங்கொள்ளும் என்பது அவர் சொல். தீயைக் குறைக்காவிட்டால் அவ்வாறே நடக்கிறது.

மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் தங்கப்போகும் அறையில் எரிவாயு இல்லை, மின்காந்த அடுப்பு மட்டுமே. அலுமினியப் பூச்சுக் கல் அதில் சூடேறாது, அடியில் எஃகுத் தகடு பொருத்தியதாக இருந்தாலொழிய. இரும்பு சூடேறும். ஆச்சியின் கல்லைத் தரும்படி அவளே கேட்டாள். "நெதம் எண்ணெய் போடுவியா, ஏட்டி?" என்றார் அன்னையார். போடுவேன் என்றாள். வாரத்தில் மூன்று நாள் இரவுப் பணி என்று கேள்வி. ஆயினும் வாக்குக் கொடுத்தாயிற்று. ஐம்பது ஆண்டுக் கல்லாதலால் நடுவில் சிறிது குழிந்திருக்கிறது. அந்த அடுப்புக்கோ அடி தட்டையாக இருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கவிழ்த்து வைத்து அளவுகோல் பிடித்துப் பார்க்க இருக்கிறோம்.